பூஜ்ய விலகல்

விண்கலம் நான்கு நொடி முன்னதாக வந்துவிட்டது. அது செய்த குற்றம் அவ்வளவுதான்.

காலை ஒன்பது நாற்பத்திரண்டுக்குத் தென்மேற்கு அடிவானத்தில் அது தலைகாட்ட வேண்டும் என்று அட்டவணை சொல்லியிருந்தது. ரேடாரின் பெரிய தட்டு அந்தப் பக்கம் திரும்பிச் சும்மா காத்திருந்தபோதே திரையில் எதிரொலி வந்து விழுந்தது. ரேடார் ஆபரேட்டர் முதலில் சுவர்க் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டார். அடுத்துத் தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். பன்னிரண்டு வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த ஒரே விண்கலத்தை அளந்துவந்தவர் அவர். தூரத்தைப் பார்த்தார். தலைக்கு மேலே வரும்போது நானூற்று முப்பது கிலோமீட்டர் இருக்க வேண்டும். இருநூறு மீட்டர் குறைந்திருந்தது.

விஷயம் எளிது. விண்கலம் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்க இறங்க அதன் வேகம் கூடும். வேகம் கூடினால் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். அந்த உயரத்திலும் கொஞ்சம் காற்று உண்டு, அது தினமும் விண்கலத்தை உரசி இழுக்கும். அதிலுள்ள இன்ஜினை வாரம் ஒருமுறை லேசாக முடுக்கிவிட்டால் பழைய உயரத்துக்குப் போய்விடும். முன்பெல்லாம் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவர் அடுத்த மேசையிலேயே இருந்தார். "இறங்குதுங்க" என்று இவர் சொன்னால், கையிலிருந்த டீயைக் கீழே வைக்காமலே அவர் ஒரு பொத்தானைத் தட்டுவார். அந்த ஆண்டு, விண்கலத் தடமறிதல் மற்றும் அளவீட்டு இயக்ககம் சீரமைக்கப்பட்டது. அளக்கிறவர்களுக்கு ஒரு கட்டடம், முடுக்குகிறவர்களுக்கு ஒரு கட்டடம் என்று பிரித்தார்கள். நடுவில் ஒரு தோட்டம் போட்டு, அதில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று பலகையும் நட்டார்கள். இனி எதுவானாலும் ஃபைலாகத்தான் போக வேண்டும்.

பிரிவு அலுவலர் மரியாதையான மனிதர். யாரையும் நிற்கவைத்துப் பேச மாட்டார்; உட்காரவைத்துத்தான் கழுத்தை அறுப்பார். ஆபரேட்டர் கொண்டுபோன அளவுத்தாளை இரண்டு முறை படித்தார். தாமதமாக வந்தால் தாமதப் படிவம் இருக்கிறது, முன்னதாக வருவதற்கு ஒன்றும் இல்லையே என்றார். சீக்கிரம் வருவதைக் குறையாக எழுதினால் மற்ற ஊழியர்கள் என்ன நினைப்பார்கள் என்றும் கேட்டார். கேலி செய்யவில்லை. உண்மையாகவே அதைப் பற்றிக் கவலைப்பட்டார்.

ஆபரேட்டர் நகர மறுக்கவே, விலகல் படிவம் ஒன்றைத் தேடி எடுத்தார். அதில் காரணம் குறிக்க நான்கு கட்டங்கள் இருந்தன: மழை, பறவை, கருவிக் கோளாறு, ஆபரேட்டர் பிழை. ஐந்தாவதாக 'மற்றவை' என்று ஒன்று முன்பு இருந்ததாம். எல்லோரும் அதிலேயே எழுதிக்கொண்டிருந்ததால் எடுத்துவிட்டார்களாம்.

"விண்கலம் இறங்குதுன்னு எங்க சார் எழுதறது?"

"அது காரணம் இல்லைங்க. அதுதான் விலகல். விலகலுக்குக் காரணம் விலகல்னு எழுத முடியுமா?" என்றார் பிரிவு அலுவலர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பறவைன்னு போடுங்க. அதுல ஒரு வசதி, யார் கையெழுத்தும் வேண்டாம். பறவைகிட்ட விளக்கம் கேக்க முடியாது பாருங்க" என்றார்.

"நானூத்தி முப்பது கிலோமீட்டர் உயரத்துலயா சார்?"

"உயரத்தை இந்தப் படிவம் கேக்கல."

ஆபரேட்டர் படிவத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவருக்கு எரிச்சல் என்றால் சாதாரண எரிச்சல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு பயம் உள்ளே உட்கார்ந்திருந்தது, அதை அலுவலகத்தில் அவர் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த விண்கலம் ஆகாயத்தில் சும்மா சுற்றுவதற்காக ஏவப்பட்டதல்ல. கடலில் இருக்கும் படகுகளுக்குப் புயல் செய்தி சொல்வதுதான் அதன் வேலை. ஒவ்வொரு படகிலும் கையடக்கமான ஒரு பெட்டி இருந்தது. பேட்டரி தீர்ந்துவிடாமல் இருக்க, அது நாள் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டிருக்காது. இயக்ககத்தின் அட்டவணைப்படி விண்கலம் தலைக்கு மேலே வரும் நேரத்தில் மட்டும் பத்து நிமிடம் விழித்துக் கேட்கும். விண்கலத்தின் குரல் கேட்டால் பச்சை விளக்கு எரியும். புயல் என்றால் சிவப்பு எரிந்து அலறும். ஆபரேட்டரின் மனைவிக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒருவன். அவன் படகுக்காரன். பச்சையைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்க்க மாட்டான்.

அவன் தினமும் போனில் கேட்கும் ஒரே கேள்வி, "மாமா, அது மேல இருக்கா?" என்பதுதான். இவரும் பன்னிரண்டு வருடமாக "இருக்கு மாப்ள" என்று சொல்லிவந்தார். இருவருக்கும் அது குசலம் விசாரிப்பது மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த வாரம் விண்கலம் முக்கால் நிமிடம் முன்னதாக வந்தது. அதற்கடுத்த வாரம் மூன்று நிமிடம். ஆபரேட்டர் பொறுக்க முடியாமல் ரேடார் தட்டை அட்டவணை நேரத்துக்கு முன்பே திருப்பி, போய்க்கொண்டிருந்ததைப் பிடித்து அளந்தார். மறுநாள் மெமோ வந்தது. விண்கலம் இருக்கக் கூடாத நேரத்தில் அதை அளந்தது ஏன் என்றும், இருக்கக் கூடாத நேரத்தில் அது இருந்தது என்று எழுதியது யாருடைய அனுமதியின் பேரில் என்றும் மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். அவர் மைத்துனனின் படகையும் சேர்த்து நான்கு பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். விளக்கம் மூன்று பக்கத்துக்கு மேல் போனதற்கு இன்னொரு மெமோ வந்தது.

மாதக் கடைசியில் விலகல் கால் மணி நேரமானது. அன்று மைத்துனன் போனில் வேறு கேள்வி கேட்டான். இரண்டு நாளாகப் பச்சை எரியவில்லை, பெட்டி போய்விட்டதா என்றான். ஆபரேட்டர், பெட்டிக்கு ஒன்றும் இல்லை, அது விழிப்பதற்குள் விண்கலம் தாண்டிப் போய்விடுகிறது, சரியாகும்வரை தூரக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொன்னார். மாமா அளந்து சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை அவனுக்கு. கரையை ஒட்டிச் சின்ன வலை போட்டுக்கொண்டு காத்திருந்தான்.

விஷயம் கடைசியில் இயக்குநர் அறைக்குப் போனது. அந்த அறையில் ஒரு நீளமான மேசையும், மேசையின் நீளத்துக்கு ஏற்ற மௌனமும் இருந்தன. ஆண்டு முழுவதற்குமான அட்டவணை, ஆண்டின் முதல் நாளே இயக்குநர் கையெழுத்தோடு வெளியாகிவிடும். அளவுத்தாளில் இருப்பதோ மூன்றாம் நிலை ஆபரேட்டரின் கையெழுத்து. இயக்குநர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவைப் பார்க்கவில்லை, கையெழுத்துகளைப் பார்த்தார். அவருக்குக் கோபமே வரவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்:

"அளவீடுங்கறது எதுக்கு? நாம சொன்னது சரின்னு உறுதி பண்றதுக்கு. நாம சொன்னது தப்புன்னு கண்டுபிடிக்க வேற நாடுகள் இருக்கு. அதுக்கு நம்ம பணியாளர் எதுக்குங்க?"

ஆபரேட்டரின் கண்ணையும் காதையும் பரிசோதிக்க உத்தரவானது. அலுவலக மருத்துவர் அவரை எழுத்து வாசிக்கச் சொன்னார், ஒரு கண்ணை மூடச் சொன்னார், காதருகே கடிகாரத்தைப் பிடித்தார். எல்லாம் சரியாக இருந்தது. 'குறைபாடு எதுவும் தென்படவில்லை. ஆகவே பிழை இவருக்கு இயல்பானது' என்று அறிக்கை எழுதினார்.

அந்த அறிக்கையை வைத்துக்கொண்டுதான் பிரிவு அலுவலர் அவரை மடக்கினார். மடக்கினார் என்று சொல்வதுகூடத் தவறு. ஆறுதலாகத்தான் பேசினார்.

"இங்க பாருங்க. காரணம் எழுதினாத்தான் ஃபைல் மேல போகும். மேல போனாத்தான் முடுக்குற பிரிவுக்குப் போகும். காரணம் இல்லாம என் மேசையிலயே கிடந்தா யாருக்கு என்ன லாபம்? ஆபரேட்டர் பிழைன்னு ஒரு கையெழுத்து. உங்க மைத்துனனை நெனச்சுத்தான் சொல்றேன்."

ஆபரேட்டர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். தன் பேர் கெட்டால் கெடட்டும், இன்ஜினை முடுக்கினால் போதும் என்று தோன்றியது. மானத்தை விழுங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஃபைல் அன்றே மேலே போனது. மறுநாள் காலை கீழே வந்தது. 'காரணம் கண்டறியப்பட்டதால் கோப்பு முடிக்கப்படுகிறது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கட்டடத்துக்கு ஒரு காகிதம்கூடப் போகவில்லை.

அன்றிலிருந்து அவருக்கென்று ஒரு திருத்த எண் கொடுத்தார்கள். அவர் அளந்ததற்கும் அட்டவணைக்கும் எவ்வளவு வித்தியாசமோ அதுதான் அன்றைய அவருடைய பிழை. அதைக் கூட்டியோ கழித்தோ எழுதினால் அளவுத்தாள் அட்டவணையோடு அச்சாகப் பொருந்திவிடும். ஐந்தாம் மாதத்தில் அவர் இயக்ககக் கணக்குப்படி பல மணி நேரமும் நாற்பது கிலோமீட்டரும் தவறாக இருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. எவ்வளவு என்று தெரிந்த பிழை பிழையே இல்லை என்று பிரிவு அலுவலர் முதுகில் தட்டிக்கொடுத்தார். காண்டீனில் அவரைக் கண்டதும் கடிகாரத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். எப்போதும் முன்னாடியே வந்துவிட்டது என்கிறவருக்கு 'நேத்து' என்று பட்டப்பேர் வைத்தார்கள்.

இதற்கிடையில் கரையோரமெங்கும் படகுகளுக்குப் புதிய பெட்டிகள் வந்தன. இயக்ககமே இலவசமாகக் கொடுத்தது. முதல் நாளே மைத்துனன் கூப்பிட்டான். குரலில் அவ்வளவு குதூகலம்.

"மாமா, பச்சை எரியுது. டாண்ணு அட்டவணை நேரத்துக்கு. எல்லாப் படகுலயும் எரியுது மாமா."

ஆபரேட்டர் போனை வைத்துவிட்டு அன்றைய அளவுத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். அந்த நேரத்துக்கு அவருடைய ரேடார் பார்த்த வானம் காலியாக இருந்தது. விண்கலம் பல மணி நேரம் முன்னதாகவே தாண்டிப் போயிருந்தது, அவரே அளந்தார். ஆனால் கடலில் ஆயிரக்கணக்கான பெட்டிகள் அதைச் சரியான நேரத்துக்குக் கேட்கின்றன. ஒரு பக்கம் ஊரே சாட்சி. இன்னொரு பக்கம், இயல்பாகவே பிழை என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த ஒரு ஆள். அவர் ரேடாரைப் பிரித்துத் துடைத்தார். கேபிளை மாற்றினார். கண்ணாடியை மாற்றினார். மனைவியிடம் அடுப்பங்கரைக் கடிகாரத்தில் மணி என்ன என்று கேட்டு, தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டார். அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஒன்பதாம் மாதம் ஒரு நாள் எதிரொலி வரவே இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. மறுநாளும் இல்லை. பழைய ஆபரேட்டராக இருந்தால் விண்கலம் காற்றில் எரிந்து விழுந்துவிட்டது என்று அலறிக்கொண்டு ஓடியிருப்பார். இப்போது இருந்தவர் 'எதிரொலி இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அனுப்பினார். அன்றைய பிழை 'முழுமை' என்று குறித்துக்கொண்டு, பிரிவு அலுவலர் தாளை அட்டவணையிலிருந்தே நிரப்பினார். மாலையில் மைத்துனன் பச்சை எரிந்ததாகச் சொன்னான். அப்படியானால் தன் பிழை முற்றிவிட்டது என்று ஆபரேட்டர் நினைத்துக்கொண்டார். இப்படி ஒரு மனிதனைத் தன்னையே நம்பாதவனாக்குவதற்கு ஒன்பது மாதமும் நான்கு கட்டம் போட்ட ஒரு காகிதமும் போதுமானதாக இருந்தன.

ஆண்டு முடிவில் விழா. 'பூஜ்ய விலகல் ஆண்டு' என்று கூட்ட அரங்கில் பெரிய பதாகை கட்டினார்கள். அன்று காலை அளவுத்தாளில் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் அரங்குக்குக் கிளம்பியபோது மைத்துனன் கூப்பிட்டான். வானம் என்னவோ மாதிரி இருக்கிறது, ஆனால் பச்சை எரிந்தது, சிவப்பு வரவில்லை என்றான். "நீங்க சொல்லுங்க மாமா. போலாமா?"

ஆபரேட்டர் மூன்று மாதமாகக் காலியாக இருக்கும் தன் திரையை நினைத்தார். அதை நம்புவதா, பச்சையை நம்புவதா?

"பச்சை எரிஞ்சா சரி மாப்ள. போ."

அரங்கின் ஜன்னல்கள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன. ஒரு ஊழியர் போய் எல்லாவற்றையும் சாத்தி, விழாவுக்கு இடைஞ்சல் இல்லாமல் கொக்கி போட்டார். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஆண்டு நம் விண்கலம் அட்டவணையிலிருந்து ஒரு நொடிகூட விலகவில்லை. இன்ஜினுக்கு ஒரு சொட்டு எரிபொருள்கூடச் செலவாகவில்லை. இந்தச் சிக்கனம் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் பச்சை விளக்கு எரியவில்லை என்று கரையிலிருந்து மூவாயிரம் புகார்கள் வந்தன. நான் பொறியாளர்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். விளக்கு எரிவதற்கு விண்கலத்தை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள்? அட்டவணைதான் நம் கையில் இருக்கிறதே! புதிய பெட்டிக்குள் ஒரு கடிகாரத்தை வைத்தோம். அட்டவணை நேரம் வந்ததும் பச்சை தானாக எரிகிறது. அன்றிலிருந்து ஒரு புகார் உண்டா? மக்களுக்குத் தேவை நம்பிக்கை. அதை நாம் நேரந்தவறாமல் கொடுக்கிறோம்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. ஆபரேட்டர் எழுந்து நின்றிருந்தார். அவர் உற்சாகத்தில் எழுந்துவிட்டதாக நினைத்துப் பின்வரிசைக்காரர்களும் எழுந்து நின்று தட்டினார்கள். அவருடைய கண்ணும் காதும் ஒரு நாளும் தவறு செய்யவில்லை. தவறு செய்தது காலையில் திறந்த வாய் மட்டும்தான். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பிரிவு அலுவலர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அடுத்து மேடைக்கு அழைக்கப்போவது அவரைத்தான் என்றும், ஆண்டின் மிகச் சீரான ஆபரேட்டர் என்று கேடயம் தயாராக இருக்கிறது என்றும் காதில் சொன்னார். ஆபரேட்டர் அவர் கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

வெளியே தோட்டத்துச் செடிகள் தரையோடு தரையாகச் சாய்ந்து கிடந்தன. பலகை மட்டும் நின்றது. மைத்துனனுக்கு எட்டு முறை போன் போட்டார். போகவில்லை. ஒன்பதாவது முறை போடப் போனபோது மனைவியின் அழைப்பு வந்தது. தம்பி இன்னும் திரும்பவில்லை, உங்களிடம் கேட்டுக்கொண்டுதானே போனான், என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் காலை பிரிவு அலுவலர் வீட்டுக்கே வந்தார். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றிவைத்துவிட்டு, துக்கத்துக்கு ஏற்ற முகத்தோடு உட்கார்ந்தார். பெரிய தேடுதல் படகை அனுப்ப இயக்ககம் தயாராக இருக்கிறது, கோரிக்கைப் படிவத்தில் கூடப்பிறந்தவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். படிவத்தை மனைவியின் முன்னால் வைத்தார். காரணம் குறிக்க நான்கு கட்டங்கள் இருந்தன: மழை, பறவை, கருவிக் கோளாறு, பெறுநர் பிழை.

மழை என்று போட முடியாதாம். பதிவேட்டின்படி விண்கலம் அன்று சரியான இடத்தில் இருந்தது, ஆகவே புயல் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. எச்சரிக்கப்பட்டவருக்கு மழை காரணமாகாது. கருவிக் கோளாறும் முடியாது, பச்சை எரிந்திருக்கிறது. விண்கலம் இடத்தில் இருந்தது என்பதற்கு ஆதாரமாக அவர் ஒரு தாளையும் காட்டினார். அதன் அடியில் ஆபரேட்டரின் கையெழுத்து இருந்தது.

"பெறுநர் பிழைன்னு போட்டுடுங்கம்மா. காரணம் எழுதினாத்தான் ஃபைல் மேல போகும்."

மனைவி பேனாவைக் கையில் எடுத்தாள். தம்பி உயிரோடு எங்காவது ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதப்பான் என்று அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். பேனா முனை காகிதத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அழுது அழுது அவள் குரல் கம்மிப் போயிருந்தது.

"நீங்களும் இப்படித்தானே ஒண்ணு போட்டீங்க. போட்டப்புறம் என்ன ஆச்சு?"

ஆபரேட்டரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் உள்ளதைச் சொன்னார்.

"மூடிட்டாங்க."

அவள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். படிவத்தைத் தள்ளவில்லை, கிழிக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. உள்ளே எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிரிவு அலுவலருக்கு உண்மையாகவே வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பரவாயில்லைங்க. நான் பறவைன்னு போட்டுக்கறேன். அதுக்கு யார் கையெழுத்தும் வேண்டாம்."

கட்டத்துக்குள் அடக்கமாக ஒரு டிக் போட்டார். ஃபைல் அன்று மாலையே மேலே போனது. பறவையைத் தேடிப் படகு அனுப்பும் வழக்கம் இயக்ககத்தில் இல்லை.